பதினோராவது மாமரம்

கொழும்பிலிருந்து வந்த கடிதம் ஒன்றரைப் பக்கம். லெஸ்டர் அதை நான்கு தடவை வாசித்துவிட்டு, ஓரத்தில் துளையிட்டு, 212 என்று இலக்கமிட்டு நீலக் கோப்பில் செருகினார். அவரைச் சுட்ட வரி இரண்டாம் பந்தியில் இருந்தது: “மரம் பெற்ற வழி உறுதிசெய்யப்படவில்லை.”

அறுபத்து மூன்று வயதில் ஒரு மனிதரைக் கள்ளமரக்காரர் என்று சொல்ல இதைவிட மரியாதையான வாசகம் கிடைக்காது.

மட்டக்களப்பு சின்ன உப்போடையில், வீட்டின் பின்பக்கத்துத் தகரக் கொட்டிலில் அவர் மரக்கரண்டி செய்கிறார். ஒருமுறை சாப்பிட்டுவிட்டு வீசும் கரண்டி. பிளாஸ்டிக் கரண்டிக்குத் தடை வந்த ஆண்டில், பழைய கடைசல் இயந்திரம் ஒன்றைப் பிரித்து, கைத்தொலைபேசியில் படம் பார்த்துப் பார்த்து, மரத்தைத் தாள்போலச் சீவும் பொறியைத் தானே கட்டினார். மாங்குற்றியை முழ நீளத்துக்கு அறுத்து, கொதிநீரில் ஊறவிட்டு, சீவி, அச்சில் வெட்டி, தட்டில் உலர்த்தினால் மணமில்லாத வெளிர்நிறக் கரண்டி வரும். அதை வாங்கியது கொழும்பு நிறுவனம் ஒன்று மட்டுமே. உல்லாச விடுதிகளுக்குக் காகிதச் சாப்பாட்டுப் பெட்டியும் மரக்கரண்டியும் விற்கும் நிறுவனம் அது. பெட்டியின் காகிதம் எந்தத் தோட்டத்து மரத்தில் பிறந்தது, கரண்டி யாருடைய வளவில் நின்றது என்றெல்லாம் விடுதிகள் கேட்கும். காட்டில் திருடியதாகவோ வாவிக்கரைச் சதுப்புக் கண்டலில் வெட்டியதாகவோ இருக்கக்கூடாது.

லெஸ்டருக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. காய்ப்பு நின்ற வீட்டு மாமரங்களை மட்டுமே வாங்கினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம், இரண்டு நிழற்படம், கிராம சேவகரின் கடிதம், வெட்டிய இடத்தில் நட்ட இரண்டு கன்றுகளின் விவரம். பதினொரு மரத்துக்கும் பதினொரு படிவம். ஒன்றில்கூடத் திகதி விடுபடவில்லை.

பிழை வேறிடத்தில் இருந்தது. அவர் மரம் வாங்கிய வவுணதீவுப் பக்கம் வீடும் வளவும் பெண்பிள்ளைக்கே சீதனமாக எழுதப்படும். கணவன் வந்து குடியிருப்பான், வாசலில் நின்று வரவேற்பான், மரத்துக்கு விலையும் பேசுவான். காணி உறுதிப் பத்திரத்தில் மட்டும் அவன் பெயர் இராது. ஊருக்கே தெரிந்த இந்த வழக்கம் லெஸ்டருக்கும் தெரியும். ஆனால் படிவத்தை அவர் இணையத்தில் கிடைத்த வெளிநாட்டு மாதிரி ஒன்றைப் பார்த்து வரைந்திருந்தார். அதில் “விற்பவர்” என்று ஒரே ஒரு கோடுதான் இருந்தது. பதினொரு கோட்டிலும் பதினொரு ஆண்களின் பெயர்களை எழுதியிருந்தார். நிறுவனம் அனுப்பிய பரிசோதகர் காணி உறுதிகளைத் தேடிப் பார்த்தபோது அங்கே இருந்தவை பதினொரு பெண்களின் பெயர்கள்.

முப்பது நாளுக்குள் உரிமையாளர்களின் சம்மதம் கையெழுத்தோடு வரவேண்டும். எல்லாச் சீவல்களும் ஒரே தட்டுகளில் கலந்து உலர்ந்தவை என்பதால், ஒரு மரம் தவறினாலும் முழுத் தொகுதியும் தவறியதாகவே கொள்ளப்படும், அவருடைய பெயர் வழங்குநர் பட்டியலிலிருந்து நீக்கப்படும் என்று கடிதம் முடிந்திருந்தது.

அன்று மாலை மனைவி றொவீனா அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரத்திலிருந்து அழைத்தாள். மகள் கிம்முக்குப் பிள்ளை பிறந்தபோது மூன்று மாதம் என்று போனவள். இது இரண்டாவது வருசம்.

“இன்னும் அந்தக் கடதாசிக் கட்டோடதானா இரிக்கிறீங்க?”

“கட்டு இல்ல, கோப்பு.”

“ரெண்டும் ஒண்டுதான். சாப்பிட்டீங்களா?”

“பாண் சாப்பிட்டன்.”

“காலையிலயும் பாண் எண்டுதானே சொன்னீங்க?”

“காலையில வாங்கின பாண்தான் இது.”

அவள் சிரித்தாள். பின்னால் பிள்ளை அழுதது. “பொறுங்க, வாறன்” என்றாள். அவர் பொறுத்திருந்தார். தொடர்பு அறுந்து வெகுநேரமாகியும் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

மறுநாள் தொடக்கம் சைக்கிளில் வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவுக்குப் போனார். “என் வளவில் நின்ற, காய்ப்பு நின்ற மாமரத்தை என் சம்மதத்துடன் விற்றேன்” என்று தட்டச்சுச் செய்த தாள்கள் பதினொன்று பையில் இருந்தன. ஒன்பது நாளில் பத்துப் பெண்கள் கையெழுத்து வைத்தார்கள். சிலர் சிரித்தார்கள். ஒருத்தி, “இப்பயாவது கேக்க ஒராள் வந்தாரே” என்று தேத்தண்ணி வைத்துக் கொடுத்தாள். ஒவ்வொரு கையெழுத்தும் விழ விழ, தன்னை இழிவுபடுத்தியவர்களுக்கு எழுதப்போகும் பதில் அவருடைய மனத்தில் வரி வரியாக வளர்ந்தது. அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே மிதிப்பார். பல மாதங்களாக அவருக்கு வாய்த்த நல்ல துணை அந்தப் பதில்தான்.

பதினோராவது வீடு கோணாமலையுடையது. அவரே படலையைத் திறந்து, தச்சரை அழைக்கும் ஊர் முறைப்படி கூப்பிட்டார்.

“ஓடாவியார்! வாங்க, வாங்க. மறுகாயும் மரம் தேடியா?”

“மரத்துக்கில்ல. கையெழுத்துக்கு.”

“அண்டைக்கே வைச்சன்தானே?”

“உங்கட கையெழுத்து மட்டும் காணாதாம். வளவு உறுதி ஆர்ட பேரில?”

கோணாமலை பிடரியைச் சொறிந்தார். “அது அவட பேரில. சீதன வளவுதானே. அதுக்கென்ன, நானும் இஞ்சதானே இரிக்கன்.”

“ஓம், இஞ்சதான் இரிக்கார்,” என்றது குசினிக்குள்ளிருந்து ஒரு குரல். “மாடு மேயப் போயிருந்ததால தப்பிச்சு. இல்லாட்டி அதையும் வித்திருப்பார்.”

மனைவி ஆச்சிப்பிள்ளை ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி வந்து, தாளை வாங்கி, ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள்.

“காய்ப்பு நிண்ட மரமா? ஆர் சொன்ன?”

லெஸ்டர் படிவத்தைக் காட்டினார். அவருடைய சீரான கையெழுத்தில் “காய்ப்பு நின்றது – உரிமையாளர் கூற்று” என்றிருந்தது. மாரி காலத்தில் வெட்டிய மரம். காயில்லாத பருவத்தில் எந்த மாமரமும் காய்ப்பு நின்றதாகத்தான் தெரியும்.

“இவர் சோத்தோட திண்ட மாங்காய்ச் சம்பல் எங்கெருந்து வந்ததாம்? வானத்திலருந்தா?”

“ஒரு வருசம் கொஞ்சம் குறைஞ்சுதான் காய்ச்சது...” என்று தொடங்கிய கோணாமலை பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“நான் மகள்ட பிள்ளப்பேறுக்குச் செங்கலடியில நாப்பது நாள் நிண்டன், ஓடாவியார். திரும்பி வந்து பாத்தா குசினிக்குள்ள வெயில். வளவு மாறி வந்திட்டனோ எண்டு நினைச்சன்.”

“எனக்கு இது தெரியாது, தங்கச்சி.”

“கேட்டீங்களா?”

“இவரிட்டக் கேட்டன்.”

“மரம் இவர்டயா?”

அவள் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். “இதில வைக்கமாட்டன். மரம் காய்ச்சது, என்னட்டக் கேக்கல்ல எண்டு எழுதுங்க. அதில வைக்கிறன்.”

அவள் உள்ளே போனதும் கோணாமலை கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார். “விடுங்க. அவட கையெழுத்து எனக்குப் பாடம். இப்பயே போட்டுத் தாறன். கொழும்பில இரிக்கிறவனுக்கு என்ன தெரியப்போகுது?”

கொழும்பில் யாருக்கும் தெரியாது என்பது உண்மை. ஒரு கோடு, ஒரு பெயர். பேனை லெஸ்டரின் சட்டைப் பையில்தான் இருந்தது. அவர் அதை எடுத்து, தாளைப் பின்பக்கம் திருப்பி, சைக்கிள் இருக்கையில் வைத்து, ஆச்சிப்பிள்ளை சொன்ன இரண்டு வசனங்களையும் சொன்னபடியே எழுதினார். பிறகு அவளைக் கூப்பிட்டார். அவள் இரண்டு தடவை வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்தாள்.

திரும்பி வரும் வழியில் மனத்திலிருந்த பதிலைச் சொல்லிப் பார்க்க முயன்றார். முதல் வரி “ஒவ்வொரு மரமும் முறைப்படி பெறப்பட்டது” என்று தொடங்கியது. அதை இனி எழுத முடியாது. அதைத் தாங்கி நின்ற அடுத்த வரியும், அதற்கடுத்ததும் நிற்கவில்லை. பாலம் வருவதற்குள் அவரிடம் சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. தனக்கு அநியாயம் நடந்தது என்ற நினைப்போடு ஒருவனால் தனியாக இருந்துகொள்ள முடியும். பதினொன்றில் ஒன்றிலாவது அவர்கள் சொன்னது உண்மை என்று தெரிந்த பிறகு வீட்டுக்குள் இருப்பது வேறு விதமாக இருந்தது.

பதினொரு தாளையும் பதிவுத் தபாலில் அனுப்பினார். பதினேழாம் நாள் பதில் வந்தது. பத்து மரங்கள் ஏற்றுக்கொள்ளப்பட்டன. தொகுதி நிராகரிக்கப்பட்டது, பெயர் நீக்கப்பட்டது. அவருடைய வெளிப்படைத்தன்மையைப் பாராட்டுவதாகக் கடைசியில் ஒரு வரி. அதற்கு 224 என்று இலக்கமிட்டார்.

“அந்த ஆள் சொன்னமாதிரி ஒரு பேரைப் போட்டிருக்கலாமே?” என்றாள் றொவீனா தொலைபேசியில்.

“போட்டிருக்கலாம்.”

“பிறகேன்?”

“அவ அங்க நிண்டா.”

அடுத்த கிழமை லெஸ்டர் மீண்டும் வவுணதீவுக்குப் போய்க் கடிதத்தின் பிரதி ஒன்றை ஆச்சிப்பிள்ளையிடம் கொடுத்தார். அவளுடைய வாக்குமூலத்தின் முடிவு அவளுக்குத் தெரியவேண்டும் என்பது அவருடைய எண்ணம். கோணாமலை வயலுக்குப் போயிருந்தார். வெயில் குசினி வாசலைத் தாண்டி அடுப்பு வரை கிடந்தது.

“அப்ப உங்கட பேர வெட்டிட்டாங்களா?”

“ஓம்.”

“நான் எழுதச் சொன்னதாலயா?”

“இல்ல, தங்கச்சி. நான் கேக்காததால.”

அவள் பிரதியை மடித்து இடுப்பில் செருகினாள். “சோறு ஆகிட்டு. மீன் குழம்பு. இரிந்து திண்டிட்டுப் போங்க” என்றாள்.

“இல்ல, வேலை கிடக்கு,” என்றார் லெஸ்டர், வழக்கம்போல. சைக்கிளை உருட்டிக்கொண்டு படலையைத் தாண்டினார்.

பாலத்தின் நடுவில்தான், கொட்டிலில் தனக்கு இன்று ஒரு வேலையும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. ஒரு காலை ஊன்றி, வந்த வழியைத் திரும்பிப் பார்த்து நின்றார். பின்னால் வந்த உழவு இயந்திரக்காரன் ஒலியெழுப்பினான். வழிவிட்டு ஓரமாக ஒதுங்கி, அவன் போனதும், திரும்பாமல் வீட்டுப் பக்கமாகவே மிதித்தார்.