பத்தொன்பதாம் செடியின் ஒன்பது மணிகள்

ஆய்வகத்தில் அவளுக்கு 'பிளேடு அக்கா' என்று பெயர். கையில் எப்போதும் சவரப் பிளேடு இருப்பது ஒரு காரணம்; வாயைத் திறந்தால் மூடமாட்டாள் என்பது இன்னொன்று.

பதினோரு வருஷமாக நெல்மணிகளை இரண்டாக வெட்டுகிறாள். கரு உள்ள பாதி முளைக்கப் போகும். மற்ற பாதியை அரைத்துப் புரதத்தைப் பார்ப்பார்கள். சிறுநீரகம் கெட்டவர்கள் புரதத்தைக் குறைக்க வேண்டும். நெல் தன் விதையில் சேமிக்கும் முக்கியமான புரதத்தின் மரபணுவை அடக்கிவிட்டால், அவர்களும் வயிறாரச் சோறு உண்ணலாம் என்பது இந்த ஆய்வை நடத்தும் மேடத்தின் நம்பிக்கை.

"மரபணுவோட வாயையே அடைக்கிறாங்க. உங்க வாய அடைக்க ஒரு வழி கண்டுபிடிக்கலையே அக்கா," என்பான் பக்கத்து மேஜைக்காரன்.

"அதுக்குத் தனியா ஒரு கட்டடமே கட்டணும். போடா."

அப்படி மரபணுவை அடக்கி வளர்த்த செடிகளில் பத்தொன்பதாவது நோஞ்சான். மொத்தமே ஒன்பது மணிதான் பிடித்தது. நாலை வெட்டினாள். மறுநாள், புரதங்களைத் தனித்தனிக் கோடுகளாகப் பிரித்துக் காட்டும் சாயமேற்றிய ஜெல்லில், மூன்றாவது மணியின் வரிசையில் அந்தப் புரதக் கோடு இருக்கவேண்டிய இடம் காலி. மேடம் சின்னப்பிள்ளை மாதிரி கைதட்டினார்.

அக்கா முளைத்தட்டைத் திறந்தாள். ஈரத்தாளில் கிடந்தவை நாலும் கரு இல்லாத பாதிகள். வெட்டிய பாதிகளில் கருவுள்ளதை எப்போதும் பலகையின் இடப்பக்கம்தான் வைப்பாள். நேற்று வெட்டி வைத்தபின் ஜன்னல் வெளிச்சத்துக்காகப் பலகையைத் திருப்பியிருந்தாள்; கை மட்டும் பழக்கப்படி இடப்பக்கத்தையே அள்ளியிருக்கிறது.

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் இந்தச் செடியின் விதை முளைக்காது என்று முடிவுகட்டி, மேடம் அதையே கைவிட்டுவிடுவார்.

"மேடம், நாலு கருவையும் அரைச்சுட்டேன்."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மீதி?"

"அஞ்சு."

"வெட்டுங்க."

"நானேவா?"

"பின்ன நானா? நான் வெட்டினா என் நகம்தான் போகும்."

அன்று அக்கா ஒரு வார்த்தை பேசாமல் வெட்டினாள். பக்கத்து மேஜைக்காரன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

நாலு மணிகளில் கோடு கறுப்பாக நின்றது. ஐந்தாவதில் நூலிழை போல மங்கல். காலி இல்லைதான், ஆனாலும் மேடம் போதும் என்றார். இனி அந்தப் பாதி முளைக்க வேண்டும். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாளும் இல்லை. அக்கா மணிக்கொருதரம் மூடியைத் திறக்க, "மூச்சு விடவாவது விடுங்க அதை," என்று மேடமே அதட்டினார்.

நாலாம் நாள் காலை அதிலிருந்து வெள்ளை வேர் ஒன்று எட்டிப் பார்த்தது. மேடம் ஃபோனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். அக்கா தட்டை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். மேடம் பேச்சைப் பாதியில் நிறுத்தி, "அப்புறம் கூப்பிடறேன்," என்றார்.