பதினெட்டு வீட்டுப் பால்

செல்வாம்பாளின் புருஷன் சாமிக்கண்ணு மில் தொழிலாளி. மில்லை மூடியபோது கைக்கு வந்த பணத்தில், ரெட்டியார்பாளையம் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு இரண்டு ஜெர்சி மாடு வாங்கினார். அவர் மாரடைப்பில் போய் ஒன்பது வருடமாகிறது. பிள்ளைகள் இல்லை. மாடு நான்காகியிருக்கிறது, செல்வாம்பாளுக்கு ஐம்பத்தாறு வயது.

விடியலில் கறந்து, சைக்கிளில் இரண்டு கேன்களை மாட்டிக்கொண்டு பதினெட்டு வீட்டுக்கு ஊற்றுவாள். சாயங்காலமும் அப்படித்தான். வாசலுக்கு வாசல் ஏதாவது பேச்சு இருக்கும். ஒரு வீட்டில் மருமகள் முழுகாமல் இருப்பாள், இன்னொரு வீட்டில் மோட்டார் ஓடாது. காலைச் சுற்று முடிய மட்டும் இரண்டரை மணி நேரம் பிடிக்கும்.

போன ஆடியில், கால்நடை மருத்துவம் படிக்கும் சங்கவி என்ற பெண் ஒரு படிவத்தோடு வந்தாள். டவுனுக்குள் மாடு வைத்திருப்பவர்களுக்கு என்ன மிஞ்சுகிறது என்று ஆய்வு செய்கிறாளாம். தவிடு, புண்ணாக்கு, புல்லுக்கட்டு, சினை ஊசி என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதினாள்.

"உங்க கூலி எவ்ளோம்மா போடட்டும்?"

"எனக்கு யாரு பாப்பா கூலி குடுக்கறா?"

"அதையும் போட்டாத்தாம்மா கணக்கு சரியா வரும்."

போட்டதும் லிட்டருக்கு ஐந்து ரூபாய் நஷ்டம் என்று வந்தது. சங்கவி தயங்கித் தயங்கித்தான் சொன்னாள்.

"மாட்டுல ஒண்ணும் குறை இல்லம்மா. வீடு வீடா அலையற நேரந்தான் லாபத்தத் தின்னுது. ஒரே எடத்துல மொத்தமா குடுத்தீங்கன்னா, ரேட்டு கொறைஞ்சாலும் கையில நிக்கும். அந்த நேரத்துல புல்ல நீங்களே அறுத்துக்கலாம்."

ஒரு வாரம் யோசித்துப் பார்த்தும் அந்தக் கணக்கில் செல்வாம்பாளால் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. முட்டி வேறு வலித்தது. விழுப்புரம் ரோட்டில் இனிப்புக்கடை வைத்திருக்கும் ஆனந்தராஜ் வேன் அனுப்புவதாகச் சொன்னார். பதினெட்டு வீட்டிலும் இனிமேல் பால் ஊற்ற வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். "அப்ப இனிமே பாக்கெட்டுதான்" என்றார் பாக்கியலட்சுமி டீச்சர்.

சங்கவி சொன்னது பலித்தது. ஒரு காலி மனையில் புல் போட்டாள். மாதம் நாலாயிரம் கூடுதலாக நின்றது.

காலை, மாலை இரண்டு வேளையும் வேன் ஐந்தே முக்காலுக்கு வரும். ஓட்டிவரும் வினோத்குமார் போனில் பேசிக்கொண்டே பாலை அளப்பான், எழுதிக்கொள்வான், போய்விடுவான். ஒருநாள் மாலை தவிட்டுக் கடையில் விலை கேட்க வாயைத் திறந்தபோது குரல் கரகரத்து அடைத்துக்கொண்டது. சளியோ என்று நினைத்தாள். காலையிலிருந்து யாரோடும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

கார்த்திகையில் ஒருநாள் டீச்சர் வீட்டு கேட்டில் போய் நின்றாள்.

"இன்னா செல்வாம்பா, எதுனா பாக்கி இருக்கா?"

"இல்ல டீச்சர். இந்தப் பக்கமா வந்தேன்."

"உள்ள வாயேன்."

இத்தனை வருடத்தில் அவள் அந்த கேட்டைத் தாண்டியதில்லை. "மாட்டுக்குத் தண்ணி காட்டணும், வரேன் டீச்சர்" என்று சைக்கிளைத் திருப்பிக்கொண்டாள். தெருமுனையில் கொஞ்ச நேரம் நின்றாள். கையில் பால் இல்லாமல் யார் வாசலுக்கும் போக அவளுக்கு ஒரு காரணமும் இல்லை.

மறுநாள் வினோத்குமாரிடம் சொன்னாள். "தம்பி, நாளையிலேந்து நாலு லிட்டர் கம்மியாத்தான் குடுப்பேன்."

"ஏங்க்கா, மாடு வத்திடுச்சா?"

"இல்ல. வீடுங்களுக்கு ஊத்தணும்."

"இருவத்தஞ்சு லிட்டருக்குக் கொறைஞ்சா ரேட்டு ரெண்டு ரூபா எறங்கும்க்கா."

"எறங்கட்டும்."

பதினெட்டு வீட்டில் மூன்றுதான் திரும்ப வந்தன. மற்றவர்களுக்குப் பாக்கெட் பழகிவிட்டிருந்தது. ஒரு வீட்டில் மூன்றாம் மாடியிலிருந்து கயிற்றில் கூடை இறங்கும், முகம் தெரியாது. இன்னொரு வீட்டில் மதில் மேல் சொம்பு காத்திருக்கும். டீச்சர் மட்டும் வெளியே வந்து நின்று பேசுவார். மாசியில் அவரும் ஆறு மாதத்துக்குப் பாரீஸிலுள்ள மகன் வீட்டுக்குப் போய்விட்டார்.

அப்போதும் செல்வாம்பாள் பால் கேனோடு டீச்சர் வீட்டுத் தெரு வழியாகப் போவதை விடவில்லை. பங்குனியில், அங்கே எழும்பும் அடுக்குமாடிக் கட்டிடத்தின் வாட்ச்மேன் பெண்சாதி கொளஞ்சி டம்ளரோடு ஓடிவந்து, "கால் லிட்டர் ஊத்துவியாக்கா?" என்று கேட்டாள்.

செல்வாம்பாள் ஊற்றினாள். காசை வாங்கி முடிந்துகொண்டாள். பிறகு சைக்கிளை மணல் குவியலில் சாய்த்துவிட்டு, "எந்த ஊரும்மா உனக்கு?" என்று கேட்டாள்.