பெரட்டுக்குப் பதில் சொன்ன கிராணி

பாலோ என்ற ஊரில் இருபத்திரண்டு கட்டில் போட்ட முதியோர் இல்லம். அதன் குளியலறைக் கைப்பிடிகள், சக்கர நாற்காலி ஏறும் சரிவு, பின்கட்டுச் சமையலறை எல்லாம் நானே சிமெண்ட் குழைத்துக் கட்டியவை. பெர்மாஸ் ஜெயாவில் ஒரு மாடி வீட்டில் இரண்டாவது இல்லம். பொந்தியானில் மூன்றாவதற்கு இடம் பார்த்தாகிவிட்டது. தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். லோரி ஓட்டினேன், குழாய் பொருத்தினேன். இல்லத்து லைசென்சுக்கு நாற்பது பக்க மலாய்ப் பாரத்தை எழுத்துக் கூட்டிப் படித்து நானே நிரப்பினேன். உன்னால் முடியாது என்று சொன்னவர்களில் இரண்டு பேர் இப்போது என் இல்லத்தில்தான் சாப்பிடுகிறார்கள்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. போன மாதம் இல்லம் நடத்துகிறவர்களைக் கூப்பிட்டு ஒரு விளக்கக் கூட்டம் வைத்தார்கள். ஓர் இளம் டாக்டர் ஆராய்ச்சி முடிவு என்று திரையில் காட்டினார். வயதானவர்களுக்குக் கோவிட் வந்தால் காய்ச்சல் தெரியாமலே போகலாமாம். சாப்பாட்டை ஒதுக்குவது, விழுவது, திடீரென்று புத்தி தடுமாறுவது, இவையே முதல் அடையாளமாக இருக்கலாமாம். எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். நான் பேனாவை எடுக்கவில்லை.

"டாக்டர், இத யாரு கண்டுபிடிச்சது?" என்று எழுந்து கேட்டேன்.

"பல நாட்டுல பாத்துருக்காங்க, ஐயா."

"பாலோவுலயும் பாத்துருக்கோம்."

சிலர் சிரித்தார்கள். டாக்டர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். நான் உட்கார்ந்தேன். அன்றைக்குச் சொல்ல விடாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் இல்லத்தில் காலையில் பெரட்டு உண்டு. தோட்டத்தில் வேலைக்குப் போகுமுன் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அதேதான். எங்களிடம் இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆளுக்கொரு நெரையாக, அதாவது மர வரிசையாக, பால்மரம் வெட்டியவர்கள். பேர் கூப்பிட்டால் முதுகு நிமிர்கிறது. அதனால் தொடங்கினேன். யாருக்கு உடம்பு சரியில்லை என்பதும் அதிலேயே தெரிந்துவிடும் என்று நினைத்தேன். என்னைத் தோட்டத்துக் கங்காணி மாதிரி மண்டோர் என்று கிண்டல் செய்வார்கள். எண்பது தாண்டிய ஓர் அம்மா, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்து உட்காருவார்.

"வந்தாச்சி. என்னா மண்டோரே, இன்னிக்கு எனக்கு எந்த நெர?"

"மலைப்பக்கம் போங்க."

"போடா, வயசான காலத்துல மலை ஏற வுடுறியா?"

பெரட்டுக்கு வராதவர் ஒரே ஒருவர். ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். வேண்டுமென்றே அவர் பேரைக் கடைசியாகக் கூப்பிடுவேன். செய்தித்தாளை இறக்காமல் சொல்லுவார்: "எனக்குப் பென்சன் இருக்குது, ஓய். பெரட்டு இல்லை." நான்கு வருடமாக ஒரே பதில்.

கோவிட் வந்த முதல் வருடம், நடமாட்டக் கட்டுப்பாட்டில் வாசல் கதவைப் பூட்டினோம். எல்லார் நெற்றியிலும் காலை மாலை காய்ச்சல் பார்த்தோம். அப்போது எங்கள் கையில் இருந்த தாளில் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல், இந்த மூன்றுதான். ஒரு நாள் மிஸி, எங்கள் நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவோம், வந்து, "ஐயா, அந்தத் துண்டு கட்டுற பாட்டி நேத்துலேர்ந்து கஞ்சியத் தொடல," என்றார்.

"காச்சல் இருக்கா?"

"இல்ல."

"பெரட்டுல வந்தாச்சின்னு சொன்னாங்களே, மிஸி. வாய்க்குப் புடிக்கலயோ என்னமோ. ரசம் வெச்சிக் குடுங்க."

மறுநாளும் வந்தாச்சி என்றார். அதற்கு மறுநாளும். எந்த நெர என்று மட்டும் கேட்கவில்லை. நான் அதைக் கவனிக்காமல் நோட்டில் கோடு போட்டேன்.

நான்காம் நாள் குரல் வரவில்லை. போய்ப் பார்த்தால் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார், தலையில் துண்டு கட்டியபடி. உதடு நீலம். ஆம்புலன்சில் ஏற்றும்போது என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"முடியலன்னு நான் சொல்லல, தம்பி. பேர வெட்டிப்புடாத."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோட்டத்தில் பெரட்டில் நின்று முடியவில்லை என்று சொன்னால் அன்றைக்குப் பேர் கிடையாது. பேர் இல்லையென்றால் சம்பளம் இல்லை. என் அம்மா நெருப்பாய்க் கொதிக்கிற உடம்போடு வந்தாச்சி என்று சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டவன். வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நலமா என்று கேட்க நான் அமைத்த பெரட்டில், நலமில்லை என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது.

இரண்டு நாளில் அந்த அம்மா இறந்துபோனார். பிளாஸ்டிக் பையில் சுற்றியதைத் தூரத்திலிருந்து பார்க்க மட்டும் விட்டார்கள். துண்டு எங்களிடமே தங்கிவிட்டது.

மருத்துவமனையிலிருந்து ஆள் வந்து எல்லார் மூக்கிலும் குச்சி விட்டுப் பார்த்தார்கள். யாருக்கும் இல்லை என்று முடிவு வந்தது. மிஸி பெருமூச்சு விட்டார். எனக்கு நிம்மதி வரவில்லை. பெரட்டை நிறுத்தாமல், கேட்கும் விதத்தை மாற்றினேன். என்ன பதில் வருகிறது என்பதை விட்டுவிட்டு, நேற்றுச் சொன்ன மாதிரியே இன்றைக்கும் சொல்கிறார்களா என்று கவனித்தேன்.

ஆறாவது நாள் காலை வழக்கம்போல் கடைசியாகக் கிராணியைக் கூப்பிட்டேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்து, இரண்டு கையையும் தொங்கவிட்டு நின்றார்.

"வந்தேன், ஐயா."

கூடமே சிரித்தது. "அலமாக், கிராணியே பெரட்டுக்கு வந்துட்டாரு லா," என்றார் ஒருவர். நான் சிரிக்கவில்லை. நெற்றியில் காய்ச்சல் இல்லை. விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவி எண்பத்திரண்டு காட்டியது; தொண்ணூற்றைந்துக்குக் குறையக் கூடாது. தொலைபேசியில் பேசிய பெண் டாக்டர் காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா என்று கேட்டார்.

"ரெண்டும் இல்ல, டாக்டர். ஆனா இவரு பெரட்டுக்குப் பதில் சொல்லிட்டாரு."

அவருக்குப் புரியவில்லை. முழுதும் விளக்கினேன், கருவி காட்டியதையும் சொன்னேன். வண்டி அனுப்பினார். வண்டி வருவதற்குள், கிராணியோடு ஒரே மேசையில் சாப்பிட்ட மூன்று பேரையும் நானே பின்கட்டுக்கு மாற்றினேன். மறுபடி சோதித்ததில் மூவருக்கும் நோய் இருந்தது. ஒருவர் இறந்தார். மற்ற பதினேழு பேரையும் அது தொடவில்லை. கிராணியை அனுப்பிய அன்று மாலையே அதே டாக்டர் கூப்பிட்டு, "நீங்க சொன்னத எழுதி வெச்சிக்கிறேன், ஐயா," என்றார். எங்கே எழுதினார் என்று எனக்குத் தெரியாது.

கிராணி ஒன்றரை மாதம் கழித்துத் திரும்பி வந்தார். இப்போது தினமும் எழுந்து நின்று, "வந்தேன், ஐயா," என்கிறார். செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடிக்கிறார். ஒரே ஒரு நாளாவது என்னை ஓய் என்று கூப்பிடுவாரா என்று பார்க்கிறேன்.

ஆகவே கேட்கிறேன். அடுத்த கூட்டத்தில் அந்தப் படத்தைத் திரையில் போடும்போது, பாலோவில் மூன்றாம் வகுப்புப் படித்த ஒருவன் பெரட்டு வைத்து இதைக் கண்டுகொண்டான் என்று ஒரு வரி சேருங்கள். அதற்குக் கீழே இன்னொரு வரியும் வேண்டும்: அவனே அதற்கு முன் ஓர் அம்மாவின் 'வந்தாச்சி'யை நம்பி மூன்று நாள் கோடு போட்டான். இரண்டும் என் பங்குதான். எழுதினால் இரண்டையும் எழுதுங்கள்.