கை நின்ற நாள்

கட்டட வேலையிடத்தில் அவருக்கு அரைமுழம் என்று பெயர். ஆள் நெட்டைதான். ஆனால் கிரேனில் எந்தச் சுமையைக் கோத்தாலும் தரையிலிருந்து அரைமுழம் மட்டும் தூக்கி நிறுத்தி, கட்டு சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே மேலே ஏற்றுவார். பயந்தாங்கொள்ளி என்று சிரிப்பார்கள். பொய்யில்லை. உச்சிக் கூண்டில் உட்கார்ந்து பிடியைத் தொட்டதும் கை நடுங்கும். கீழே நின்று சைகை காட்டுபவன் மனைவியின் தம்பி.

நடுக்கம் முற்றி, வேலையையே விட்டுவிடலாமா என்று யோசித்தபோது மனைவி சொன்னாள்: “ஏறுறதுக்கு முன்னாடி கண்ண மூடி கடவுளக் கும்பிட்டுட்டுப் போங்க.”

“எனக்குத்தான் நம்பிக்கையே இல்லையே.”

“மாத்திரைய நம்பியா முழுங்குறோம்? வலி போகுதுல்ல, அது போதும்.”

கும்பிட்டார். நடுக்கம் அடங்கிக் கை நின்றது. ஆனால் உள்ளே வேறொரு குடைச்சல் தொடங்கியது. கை நிற்கிறது என்பதற்காகக் கும்பிடுவதெல்லாம் ஒரு கும்பிடா? மைத்துனன் வேறு தினமும் வம்புக்கிழுப்பான். “என்ன மச்சான், இன்னைக்கு மாத்திரை போட்டாச்சா?”

ஒருநாள் கம்பிக்கட்டு ஒன்றைத் தூக்கினார். மனசு லேசாக இருந்தது. ஏதோ பாட்டைக்கூட முணுமுணுத்தார். அரைமுழத்தில் நிறுத்தத் தோன்றவே இல்லை. இரண்டாம் மாடி உயரத்தில் கட்டு சாய்ந்தது. ஒரு கம்பி உருவிக்கொண்டு இறங்கி, மைத்துனனின் காலடியில் குத்தி நின்றது.

“பாத்தீங்களா, நீங்க கும்பிட்டதாலதான் எந்தம்பி பொழச்சான்” என்றாள் மனைவி அன்று மாலை.

அவர் தட்டைக் கழுவி வைத்தார். கும்பிட்டதால்தான் நிறுத்த மறந்தேன் என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது?

மறுநாள் காலை ஏணியடியில் நின்றார். கும்பிட்டால் பயம் போய்விடும். பயம் போனால் மைத்துனன் கதி? கும்பிடாமல் ஏறலாம் என்றால், அவனுக்காகக் கடவுளிடம் கேட்க ஒருவராவது வேண்டுமே என்று மனம் அடித்துக்கொண்டது. கண்ணை மூடினார்.

“நீ இருக்கியா இல்லையான்னு எனக்குத் தெரியாது. என் கை நடுக்கத்த மட்டும் நிறுத்திடாத. அவனப் பாத்துக்க.”

கூண்டில் கை வெடவெடத்தது. கம்பிக்கட்டு தரையை விட்டு அரைமுழம் எழுந்து நின்றது.

“என்ன மச்சான், மாத்திரை வேலை செய்யலையா?” வாக்கிடாக்கியில் மைத்துனன் சிரித்தான்.

“செய்யல மாப்ள” என்றார். “நீ தள்ளி நின்னு கட்டப் பாரு.”