சமுத்திரம் கட்டிய துணி

வத்திராயிருப்பு பஸ் ஸ்டாண்டுக்குத் தெற்கே மெக்கானிக் சமுத்திரத்தின் பட்டறை இருந்தது. சுற்றுவட்டாரக் கிணறுகளில் தண்ணீர் இறைத்த டீசல் இன்ஜின்களில் முக்கால்வாசி அவர் கைபட்டவை. அதற்கு அடையாளமும் உண்டு. இன்ஜின் காற்று இழுக்கிற குழாயின் வாயில் இராஜபாளையத்துப் பேண்டேஜ் துணியை மடித்து மடித்துச் சுற்றி, செம்புக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருப்பார். களத்துத் தூசி ஒரு பொட்டு உள்ளே போகாது. 'சமுத்திரம் கட்டு' என்று வயல்காட்டுச் சம்சாரிகளே அதற்குப் பேர் வைத்திருந்தார்கள். அந்தப் பேரைக் கேட்கிற போதெல்லாம் அவருக்கு நெஞ்சு நிறையும்.

நிறைந்த நெஞ்சில் ஒரு முள்ளும் இருந்தது. அது பொன்னுராஜ். இருவரும் இராஜபாளையத்தில் ஒரே பட்டறையில் தொழில் பழகியவர்கள். ஸ்பேனர் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே தான்தான் என்பார் சமுத்திரம். பழகி முடித்தவன் அவர் தங்கை சுடலைமாடத்தியையே கட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் கடை போட்டான். கடைக்கு இரும்பு ஷட்டர் வைத்தான். மோட்டார் சைக்கிள் வாங்கினான். ஒவ்வொன்றும் காதுக்கு வந்தபோது சமுத்திரத்துக்குச் சோறு இறங்கவில்லை.

வளைகுடாவில் சண்டை மூண்டு டீசல் தட்டுப்பாடாக இருந்த தொண்ணூற்றொன்றாம் வருஷம், தை மாதம். நெல் பொதிகட்டி, கதிர் வெளிவரும் பருவத்தில் நின்றது. தண்ணீர் பாயாவிட்டால் அம்புட்டும் பதர்தான். கிடைத்த கொஞ்சம் டீசலோடு புங்கெண்ணெயைக் கலந்து ஊற்றிப் பார்த்தார்கள் சம்சாரிகள். இன்ஜின்கள் கரும்புகையைக் கக்கி, இருமி, தண்ணீர் இழுக்க மாட்டாமல் நின்றன. சமுத்திரம் எண்ணெய் பீச்சுகிற நாசிலைக் கழற்றிச் சுரண்டினார். எண்ணெயை வடிகட்டினார், சூடுபடுத்தினார். கொஞ்சம் ஓடும், மறுபடியும் நிற்கும்.

இந்த நேரம் பார்த்துத்தான் அவர் மனைவி அழகுத்தாய் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "ஒங்க தங்கச்சி வீட்டுக்காரருக்கு மகாராஜபுரத்துல மாலை போட்டாகளாம்."

"மாலை போட அவன் என்ன கல்யாண மாப்பிள்ளையா?"

"புங்கெண்ணெயில இன்ஜின் ஓடுதாம், புகையே இல்லையாம். ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்தா என்ன?"

"அவன் வேலையை நான் போய்ப் பாக்கவா? கொழம்பை ஊத்து."

மறுநாள் சைக்கிளை மிதித்துக்கொண்டு போகத்தான் செய்தார். மோட்டார் ரூமுக்குள் நுழைய மானம் விடவில்லை. எதிர் வரப்பில் தென்னைக்குப் பின்னால் நின்று பார்த்தார். சுவரைத் துளைத்து அகலமான இரும்புக் குழாய் ஒன்று வெளியே வந்து, கூரைக்கு மேலே ஏறி, வாயைக் கீழே கவிழ்த்துக்கொண்டு நின்றது. ரூமுக்குள் வெந்து கிடக்கும் காற்றை விட்டுவிட்டு வெளிக்காற்றை இழுக்கிறான். சமுத்திரத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இதுகூடத் தனக்குத் தோன்றாமல் போயிற்றே.

வத்திராயிருப்பில் இருளப்பசாமியின் வயல் அவருக்காகக் காத்திருந்தது. "நாளைக்குள்ள தண்ணி பாயணும், சமுத்திரம். இல்லன்னா ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஆள் விட்டுருவேன்" என்று அவர் சொல்லிவிட்டார். பொன்னுராஜ் ஒரு தடவை இந்த ஊரில் கை வைத்துவிட்டால் மற்ற கிணற்றுக்காரர்களும் அவன் பின்னால் போய்விடுவார்கள். சமுத்திரம் அன்றைக்கே அதேபோலக் குழாய் வைத்தார். வெளியே நிற்கிற குழாயாச்சே, தூசி கூடுதலாக ஏறுமே என்று வாயில் பேண்டேஜ் துணியை இன்னும் நாலு சுற்று சேர்த்துக் கட்டினார்.

இன்ஜின் முன்னைவிட மோசமாகப் புகைந்தது.

மறுநாள் காலையில் இருளப்பசாமியின் மோட்டார் ரூம் வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அவர் சொன்னபடியே ஆள் விட்டுவிட்டார். பொன்னுராஜ் ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். குழாயை அண்ணாந்து பார்த்தான். துணியைப் பார்த்ததும் இருளப்பசாமி பக்கம் திரும்பினான்.

"அண்ணாச்சி, செத்த நேரம் மடையைப் பாத்துட்டு வாங்க. தண்ணி வந்தா ஒடச்சிரும்" என்று இருளப்பசாமியை அனுப்பிவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னான்: "மச்சான், அந்தத் துணியை நீங்களே அவுத்துருங்க."

"தூசி போனா சிலிண்டர் லைனர் தேஞ்சிரும்லே."

"ஒசரத்துல வாயைக் கவுத்திருக்கு. தூசி எப்பிடி ஏறும்? டீசலுக்குத் துணி வழியா வர்ற காத்தே போதும். புங்கெண்ணெய் கனம். அது எரியணும்னா காத்து ரொம்பக் கேக்குது. மகாராஜபுரத்துலயும் அதை அவுத்துத்தான்…"

"அங்கயும் என் கட்டா?"

"ஆமா."

"யாருகிட்ட சொன்ன?"

"யாருகிட்டயும் சொல்லல. குழாய் வச்சேன், ஓடிருச்சுன்னு மட்டும் சொன்னேன்."

சமுத்திரம் ஏணியில் ஏறினார். கம்பியை முறுக்கி அவிழ்த்தார். அடுக்கடுக்காகத் துணி கையோடு வந்தது. இறங்கி இன்ஜினைச் சுற்றிவிட்டார். முதலில் கறுப்பாகக் கக்கியது; பிறகு சாம்பல் நிறம்; பிறகு வெயிலில் கண்ணுக்குத் தெரியவில்லை. சத்தம் நிதானமாகித் தொட்டியில் தண்ணீர் கொட்டியது.

இருளப்பசாமி ஓட்டமும் நடையுமாக வந்தார். "யாரு கைவேலைப்பா?"

"மச்சான்தான் எல்லாம். நான் சும்மா நின்னேன்" என்றான் பொன்னுராஜ்.

சமுத்திரத்துக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. கடை அவனுக்கு, மோட்டார் சைக்கிள் அவனுக்கு, மாலை அவனுக்கு. இப்போது பெரிய மனசும் அவனுக்கா? அவன் விட்டுக்கொடுத்த பேரில் இனி இந்த ஊரில் நடமாட வேண்டுமா?

"பொய் சொல்லுதான்" என்றார். "நான் கட்டுன துணிதான் காத்தை அடைச்சிட்டு இருந்துச்சு. அவுக்கச் சொன்னது இவன். போயி ஊருக்கே சொல்லுங்க."

பொன்னுராஜ் தலையைக் குனிந்துகொண்டான். இருளப்பசாமி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப மத்த கெணத்துலயும் அவுக்கணும்ல? மாப்பிள்ளையையே வரச் சொல்லுவமா?"

"நான் கட்டுனதை நான்தான் அவுப்பேன்" என்றார் சமுத்திரம். "இவன் வத்திராயிருப்புப் பக்கம் வந்தா தங்கச்சியோட வந்து சாப்பிட்டுட்டுப் போகட்டும். ஸ்பேனரை வீட்டுல வச்சிட்டு வரட்டும்."

அந்த வாரம் முழுக்க அவர் கிணறு கிணறாகப் போய்க் குழாய் வைத்தார், துணி அவிழ்த்தார். போன இடத்திலெல்லாம் யாராவது ஒருவர், "இது ஒங்க தங்கச்சி மாப்பிள்ளை கண்டுபிடிச்சதாமே" என்று கேட்கத் தவறவில்லை. "ஆமா" என்பார், பல்லைக் கடித்துக்கொண்டு. அவிழ்க்கிற கம்பியை இன்னும் வேகமாக இழுப்பார்.