டிஸ்சார்ஜ் என்றால் தேசிங்குவைக் கேளுங்கள்

செவ்வாய்க்கிழமை காலை துறைமுக வாசலில் மூட்டை தூக்கும் ஒருவர் என்னை நிறுத்தி, "ஆஸ்பத்திரில தேசிங்கு நைனா பூட்டாரு, சாமி" என்றார். தேறிவிடுவார் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவரும் நானும் பதினாறு வருஷம் சரக்கு எண்ணும் குமாஸ்தாக்கள். எங்களை ஆட்டிவைத்தது 'டிஸ்சார்ஜ்' என்ற ஒரு சொல்தான். கப்பலிலிருந்து சரக்கு இறக்கினாலும் டிஸ்சார்ஜ்; நோயாளியை வீட்டுக்கு அனுப்பினாலும் டிஸ்சார்ஜ்; ஆளை வேலையை விட்டு நீக்கினாலும் அதேதான். "வெள்ளைக்காரன் வார்த்தைக்குக் கஞ்சன்யா. சோறு போடறதுக்கும் சோத்துல மண்ணு போடறதுக்கும் ஒரே வார்த்தைய வச்சிகினு கீறான்" என்பார் தேசிங்கு.

ஒருமுறை மூட்டைக்காரன் கன்னியப்பனின் வலது கை சங்கிலியில் நசுங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே வேலைநீக்கக் கடிதம் காத்திருந்தது. நூறு பேர் பார்க்க அதை உரக்கப் படித்த மகானுபாவன் நான்தான். தேசிங்கு என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாய்யா, கோர்ட்டா இது? அவனைக் குந்தவச்சி, நீயும் பக்கத்துல குந்திச் சொல்லக்கூடாது?"

மறுநாள் துரையிடம் போனார். மூட்டையை எண்ணிக் கூவக் கை வேண்டாம், தொண்டை போதும் என்று வாதாடினார். ஒரு கப்பலுக்குத் துரை சம்மதித்தார். எண்ணிக்கை பிசகினால் கன்னியப்பன், தேசிங்கு இருவருக்கும் வேலை போகும்.

ரங்கூன் அரிசி வந்தது. ஒவ்வொரு அடுக்குக்கும் கன்னியப்பன் நம் வழக்கப்படி ஒன்று என்னாமல் "லாபம்" என்று தொடங்கி, "ரெண்டு, மூணு" என்று கூவினான். ஊருக்குப் புதிதான வெள்ளைக்கார உதவியாளர், 'ரெண்டு' என்றதைத்தான் முதல் மூட்டையாக எழுதினார். ஒவ்வொரு அடுக்கிலும் ஒன்று குறைந்தது. தேசிங்கு விளக்கிச் சொல்லியும் துரை நம்பவில்லை.

தேசிங்கு கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, முதல் மூட்டையைத் தானே தோளில் ஏற்றினார். குமாஸ்தா மூட்டை தூக்கி அங்கே யாரும் பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது, நானும் தோள் கொடுத்தேன். பொழுது சாய்வதற்குள் அத்தனையும் அடுக்கு மாற்றி எண்ணினோம். ஒன்றுகூடக் குறையவில்லை. கன்னியப்பன் வேலையில் நிலைத்தான். எனக்குத்தான் மூன்று நாள் இடுப்பு நிமிரவில்லை.

அவரை அறிந்தவர்களே, அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான்: கெட்ட சேதியை நின்றுகொண்டு சொல்வதில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை துறைமுக வாசலிலிருந்து எழுந்து நேரே அவர் வீட்டுக்கு ஓடினேன். அவர் மனைவி வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். "இன்னா அண்ணே, வேலைக்குப் போவலியா?" என்றார்.

ஈரத் தரையில், அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.