நர்ஸம்மா எடுத்த லீவு

பதினோரு வருடமாக ஆஸ்பத்திரியில் அடுத்தவர்களுக்குப் படுக்கை விரித்த நர்ஸம்மாவுக்கு ஒரே ஓர் ஆசைதான். யாரோ விரித்துவைத்த படுக்கையில் நாலு நாள் படுக்க வேண்டும்.

ஆனால் பஸ் டிரைவரான அவள் புருஷன், கட்டிலும் அடுப்பும் வைத்த கேரவன் வண்டியை வாடகைக்கு எடுத்து வந்துவிட்டான்.

"ஓட்டல் தேடி அலைய வேண்டாம். நினைச்ச இடத்துல நிறுத்தலாம். முக்கியமா, உன் கையால சூடா சாப்பிடலாம்" என்று அடுக்கினான். பிள்ளைகள் இரண்டும் குதித்தன.

அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. மலைப்பாதையில் நிறுத்தினார்கள், ஏரிக்கரையில் நிறுத்தினார்கள். நிறுத்திய இடத்திலெல்லாம் அவர்கள் இறங்கி விளையாடினார்கள். அவள் முதுகை நிமிர்த்த முடியாத இடுக்கில் நின்று வெங்காயம் நறுக்கினாள். ஏரியை அவள் பார்த்ததே பாத்திரத் தொட்டிக்கு மேலிருந்த கையகல ஜன்னல் வழியாகத்தான்.

மூன்றாம் நாள் காலை, "இன்னுமா டீ ஆகல?" என்று வெளியிலிருந்து புருஷன் கத்தினான். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, கைப்பையோடு இறங்கினாள்.

"எங்கம்மா போற?" என்றாள் மகள்.

"லீவுல போறேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று புருஷன் சிரித்தான். அவள் பஸ் ஏறி, அடுத்த ஊர் லாட்ஜில் அறை எடுத்தாள். வெள்ளை விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை. படுத்தாலும் தூக்கம் வரவில்லை. பிள்ளைகள் சாப்பிட்டார்களோ என்று மனசு அரித்தது. அப்படி அரிக்கிறதே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

ஊர் திரும்பியதும் புருஷன் எல்லோரிடமும் சொன்னான்: "வண்டி அருமை. இவளுக்குத்தான் சொகுசு ஒத்துக்கல."